பூட்டு திறந்தால் போதுமா?

விஞ்ஞானத்தை விளையாட்டாக்கிவிட்டார்கள் என்று பண்டிதர்கள் சிலர் மூக்கால் அழுகிறார்கள். அழட்டும். விளையாட்டு வைத்தாலே விஞ்ஞானம் பரவிவிட்டதென்று கைதட்டுகிறார்களே, அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

விஷயம் இதுதான். ஓர் அறையில் நாலைந்து பேரை விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அங்குள்ள புதிர்களை அவிழ்த்து வெளியே வரவேண்டும். 2007இல் ஜப்பானின் கியோத்தோ நகரில் பிறந்த கேளிக்கை இது. அமெரிக்காவில், இல்லினாய் சர்வகலாசாலைப் பௌதிகப் பேராசிரியர் பால் க்வியட், 2017இல் அர்பானா நகரத்துக் கடைவளாகம் ஒன்றில் இப்படி ஓர் அறையைத் திறந்தார். காணாமற்போன விஞ்ஞானியைத் தேடுவதாகக் கதை. பூட்டுகளுக்குச் சாவி பௌதிகம். கல்லூரி வாசலை மிதிக்கத் தயங்குகிறவனும் கடைத்தெருவுக்கு வருவான் என்று கண்டுகொண்ட புத்திக்கு ஒரு கும்பிடு!

ஆனால் சுவரில் ஐன்ஸ்டைன் படத்தை மாட்டிவிட்டு, பூட்டுக்கு வெறும் கூட்டல் கணக்கு வைத்தால் அது பௌதிகமாகிவிடுமா? பௌதிகத்தை எடுத்துவிட்டாலும் கதவு திறக்குமானால், அது பௌதிக வேஷம் கட்டிய அறை.

இரண்டு போலராய்டுத் தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிடியுங்கள்; வெளிச்சம் நின்றுவிடும். நடுவே மூன்றாவது தகட்டை 45 டிகிரி சாய்த்துச் செருகுங்கள். இருட்டு இன்னும் கூடும் என்றுதானே நினைப்பீர்கள்? முதல் தகட்டைக் கடந்த வெளிச்சத்தில் ஏறக்குறையக் கால் பங்கு வெளியே வருகிறது! தடைமேல் தடை வைத்தால் வழி பிறக்கிறது. இதைக் கண்டவனுக்குத்தான் பூட்டின் எண் தெரியும் என்று அமைத்தால், அது புதிர்.

அதற்குப் பிறகுதான் என் வழக்கே. எண் தெரிந்ததும் அடுத்த பூட்டுக்கு ஓடுகிறான். கடிகாரம் துரத்துகிறது. வெளிச்சம் ஏன் வந்தது என்று கேட்க நேரம் ஏது? வெளிச்சத்தின் அதிர்வுத் திசையையே நடுத்தகடு மாற்றிவிட்ட அதிசயம் அவன் முதுகுக்குப் பின்னால் கிடக்கிறது. விஞ்ஞானமோ அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அறையில் விடையை ஒருவன் ஒளித்து வைத்திருக்கிறான். இயற்கை யாருக்காகவும் ஒளித்து வைக்கவில்லை, நேரமும் குறிக்கவில்லை.

ஆகவே, நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கதவு திறந்ததும் கடிகாரத்தை நிறுத்துங்கள். அந்தத் தகடுகளை அவர்கள் கையில் கொடுங்கள். கேட்கட்டும், உளறட்டும், சண்டை போடட்டும். தப்பி ஓடத் திறந்த கதவு வழியே ஒருவன் தானாகத் திரும்பி உள்ளே வந்தானானால், அன்றைக்குத்தான் அந்த அறை ஜெயித்தது.