நடுவில் வரும் படியை அளக்காமல்...

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு. இரண்டு வீட்டுக்காரரும் தங்கட தங்கட தரையிலிருந்துதான் கதவு, யன்னல் உயரத்தை அளந்து வைச்சிருக்கினம். நடுச்சுவரை உடைத்து ஒரே வீடாக்கினால் நடுவில் எவ்வளவு உயரத்துக்குப் படி வரும்? அந்த இரண்டு அளவுகளை மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது.

இரண்டு குறைகடத்திகளை ஒட்டும்போதும் இதே சிக்கல்தான். இலத்திரனுக்கு அங்கே வரும் சக்திப் படியை நம்பித்தான் லேசரும் எல்.ஈ.டியும் வேலை செய்கின்றன. கணினியில் ஒவ்வொரு பளிங்கையும் தனியாகக் கணித்தால், அதனதன் சராசரி மின்னழுத்தத்திலிருந்தே பட்டை விளிம்புகள் கிடைக்கும். பொதுவான பூச்சியம் கிடைக்காது. அதற்கு, இரண்டையும் ஒட்டிய அணு அடுக்கொன்றைக் கட்டி, இடைமுகத்தைத் தாண்டும்போது அந்தச் சராசரி எவ்வளவு மாறுது எண்டு பார்க்க வேணும்.

ஒரு குறுக்கு வழியும் இருக்கு. வெற்றிடத்தைப் பொதுத் தரையாக எடுத்து, இரண்டினதும் இலத்திரன் நாட்டங்களைக் கழித்துவிடுவது. அண்டர்சன் விதி எண்டு சொல்லுவினம். ஒட்டும் இடத்தில் மின்னேற்றம் இடம்பெயர்வது அதன் கண்ணில் படாது.

பிழையான எண் எவ்வளவு காலம் தாக்குப் பிடிக்கும்? 1974இல் கலியம் ஆர்சனைட்டு, அலுமினியம் கலியம் ஆர்சனைட்டு இடைமுகத்தை ஒளியால் அளந்தவர்கள், பட்டை இடைவெளி வித்தியாசத்தில் ஏறத்தாழ 88 வீதம் கடத்தற் பட்டைக்கு, 12 வீதம் வலுவளவுப் பட்டைக்கு என்றார்கள். பத்து வருடம் கிட்டத்தட்ட அதுதான் வேதவாக்கு. 1984இல் பரவளைவு வடிவக் கிணறுகளை அளந்தபோதுதான் வலுவளவுப் பட்டையின் பங்கு அதைவிட மிகப் பெரியது எண்டு தெரிந்தது. பழைய சதுரக் கிணற்று அளவீடுகள் இரண்டு விடைக்கும் கிட்டத்தட்டப் பொருந்தின. பொருந்தினபடியால் ஆரும் பெரிசாகச் சந்தேகப்படவில்லை.

இண்டைக்குக் குவாண்டம் எஸ்பிரெசோ போன்ற மென்பொருள் இலவசம். சின்னக் கணிப்புகளுக்கு மடிகணினியே காணும். விலையுயர்ந்த ஆய்வுகூடம் இல்லாத எங்களுக்கு இது பெரிய வாசல். கட்டாயம் நுழைய வேணும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் மென்பொருள் எப்பவும் ஏதோ ஒரு எண்ணைத் தரும். சிலிக்கனின் பட்டை இடைவெளி 1.12 இலத்திரன்வோல்ற்று, வழமையான அடர்த்திச் சார்புக் கணிப்பு ஏறத்தாழ 0.6 என்று கூசாமல் சொல்லும். அதைத் திருத்தாமல் படியைக் கணித்தால் படியும் பிழைக்கும்.

ஆகவே, விடையை மட்டும் எழுதிக் குடுக்கிற பழக்கத்தை விடுவம். எந்தத் தரையிலிருந்து அளந்தோம், இடைமுகத்தைக் கட்டிப் பார்த்தோமா, வேறொரு எண்ணும் இதே தரவுக்குப் பொருந்துமா? இந்த மூன்றையும் விடைக்குப் பக்கத்திலேயே எழுதுவம்.