மண்ணுக்கு மூடி போடாதீங்க சாமி!

அபார்ட்மென்ட் சங்கங்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணுல மண்ணு தெரியக்கூடாது. தெரிஞ்சா கை அரிக்கும். முதல்ல சிமென்ட் போட்டாங்க. அப்புறம் இன்டர்லாக் கல்லு. இப்போ ரெசின் தரை. கூழாங்கல்லையும் பிசினையும் கலந்து பரப்பி, கரணையால இழுத்து விட்டா, வாசல் முழுக்க கடலைமிட்டாய் தட்டிப் போட்ட மாதிரி பளபளன்னு இருக்கும். 'ஸ்டோன் கார்ப்பெட்'னு செல்லப் பேரு வேற.

ரெசின் மேல எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லைங்க. ஒழுங்கா போட்டா நல்ல பொருள்தான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கற இடுக்கு வழியா மழைத்தண்ணி கீழே இறங்கிடும். இங்கிலாந்துல 2008 அக்டோபர்ல ஒரு விதி கொண்டு வந்தாங்க. வீட்டு முன் தோட்டத்துல 5 சதுர மீட்டருக்கு மேல தண்ணி இறங்காத தரை போட்டு, ஓடற தண்ணிய சொந்த மண்ணுக்குள்ளயே விடலைன்னா, திட்ட அனுமதி வாங்கணும். அதுக்கப்புறம் அங்கே இந்தத் தரைக்கு நல்ல மவுசு. காரணம் அழகு மட்டும் இல்லை, தண்ணி இறங்குதுங்கறதும்தான்.

இங்கேதான் நம்மாளுங்க வேலையைக் காட்டறாங்க. எங்க சங்கத்துக்கு வந்த காண்டிராக்டர் கையில ஒரு சாம்பிள் துண்டு. மேல தண்ணி ஊத்தினார், கீழே ஒழுகிச்சு. கமிட்டியே கை தட்டாத குறை. "அடியில என்ன போடுவீங்க?"ன்னு கேட்டேன். "இருக்கற கான்கிரீட் மேலயே போட்டுடலாம் சார், செலவு மிச்சம்"ங்கறார்! மேல 15, 18 மில்லிமீட்டர்ல சல்லடை, அடியில கான்கிரீட். சல்லடைய தட்டு மேல வச்சுட்டு மாவு சலிக்கற கதை இது. தண்ணி இறங்கணும்னா அடித்தளமும் இறங்க விடணும். பொடி கலக்காத ஜல்லி, இடுக்கு விட்ட தார், அதுக்கும் கீழே மண்ணு. அந்த வேலைக்குத்தான் காசு அதிகம். அதைத்தான் முதல்ல வெட்டறாங்க.

இன்னொரு தில்லுமுல்லும் இருக்கு. பிசினைத் தரையில பூசி, அது மேல கல்லைத் தூவி விடறது. பார்க்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஆனா பிசின் ஒரே படலமா மூடிக்கறதால சொட்டுத் தண்ணி இறங்காது.

"மழைத்தண்ணிதானே, போனா போகட்டும்"னு ஒரு அங்கிள் சொன்னார். சரி, நமக்குத் தெரிஞ்சது பொட்டி தட்டறதும் கணக்குப் போடறதும்தான், போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பெஞ்சா 1 லிட்டர். பெங்களூருக்கு வருஷத்துக்கு 900 மி.மீ.ன்னு வச்சுக்குவோம். வாசலும் நடைபாதையும் சேர்த்து 500 சதுர மீட்டர்னா நாலரை லட்சம் லிட்டர். பாதி ஆவியாவும் வழிஞ்சும் போகட்டும். மீதி 2,25,000 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கர்ல 37 லோடு! 2024 மார்ச்ல ஒரு லோடுக்காக நாம எத்தனை போன் போட்டோம்னு மறந்து போச்சா? குடிதண்ணில கார் கழுவினா 5,000 ரூபாய் அபராதம்னு குடிநீர் வாரியம் அறிவிச்சதும் அதே மார்ச்லதான்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2022 செப்டம்பர்ல, வெளிவட்டச் சாலைப் பக்கம் டிராக்டர்ல ஏறி ஆணி புடுங்கப் போனதும் இதே ஊர்தான். வெள்ளம், வறட்சி ரெண்டுக்குமே ஆயிரம் காரணம் இருக்கு. ஏரிய மூடினது பெரிய காரணம். ஆனா ஏரிய மூடினவனைத் திட்டிக்கிட்டே நம்ம வாசலை நாமே மூடறது என்ன நியாயம்?

எதிர்த்தரப்பு பேசறதுலயும் உண்மை இருக்கு. மழைக்காலத்துல சேறு. இன்டர்லாக் கல்லு ஒண்ணு இறங்கி ஒண்ணு ஏறி, வயசான அம்மாக்கள் தடுக்கி விழறாங்க. வீல்சேர் போக வழியில்லை. எல்லாம் சரி. நடக்கற பாதைக்கு வழுவழுன்னு போடுங்க, யாரு வேணாம்னா? கார் சக்கரம் போற இடத்துக்கு ரெண்டு வரிசை கல் பலகை போதுமே. நடுவுல புல்லு வளரட்டும். மரத்தடி கழுத்து வரைக்கும் எதுக்கு நெரிக்கறீங்க? மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்கு இருக்கற கான்கிரீட்டை எடுக்கணும்னு டில்லிக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013லயே சொல்லியாச்சு.

இப்போ நம்மாளுங்க விஷயத்துக்கு வர்றேன். மீட்டிங்ல தமிழ்க் குடும்பங்கள் கடைசி வரிசையில உட்கார்ந்து, வாட்சைப் பார்த்துட்டு எழுந்து வந்துடறோம். "நாம வெளியூர், நமக்கெதுக்கு வம்பு?" அதுலயும் தண்ணின்னாலே வாயைத் திறக்க பயம். 2016 செப்டம்பர்ல பஸ் எரிஞ்சதைப் பார்த்தவங்களுக்கு அந்த பயம் நியாயம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, 500 மீட்டர் உயரம் ஏத்தி வர்ற காவிரித் தண்ணிய நாமளும்தான் குடிக்கறோம். மெயின்டெனன்ஸும் கட்டறோம். இந்த மண்ணுல விழற மழையை இந்த மண்ணுக்கே விடுங்கன்னு சொல்றதுக்கு எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன? உண்மையிலேயே இந்த ஊரு நம்ம ஊருன்னா, முதல்ல பேச வேண்டியதே இதைத்தான். கன்னடத்துல பேசினா இன்னும் நல்லது :-)

உங்க சங்கத்துல இந்தப் பேச்சு வந்தா நாலே கேள்வி கேளுங்க. அடியில என்ன? பிசினைக் கலக்கறீங்களா, பூசறீங்களா? வெயில்ல மஞ்சளாகாத ரகமா? நம்ம ஊர் தூசியில இடுக்கு அடைச்சுக்கிட்டா வருஷா வருஷம் யார் கழுவி விடுவா? பதிலை வாயால சொன்னா ஒத்துக்காதீங்க. நம்ம வாசல்லயே, அடித்தளத்தோட ஒரு சின்ன இடம் போடச் சொல்லி, ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. இறங்கினா கையெழுத்து. ஓடினா, ஆளையும் கூடவே ஓடச் சொல்லுங்க.

பி.கு: ஊர்ல வீடு கட்டிட்டு இருக்கற கனவான்களுக்கும் இதே சேதிதான். 2003ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கின மாநிலத்துல, காம்பவுண்டு ஓரம் வரைக்கும் டைல்ஸ் ஒட்டிட்டு, "போர்ல தண்ணி இல்லை"ன்னு போன்ல அழாதீங்க.