பனித்தரை யார் வீட்டுச் சொத்து?

“திறமை இருந்தால் போதும், குடிசையில் பிறந்தவனும் உலக சாம்பியன் ஆகலாம்!” முதலாளிப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கம் நாள் தவறாமல் ஓதும் மந்திரம் இது. இந்த மந்திரத்தை ஒரே ஒரு விளையாட்டின் மேல் உரைத்துப் பார்ப்போம். அதன் பெயர் ஃபிகர் ஸ்கேட்டிங்.

டெலிவிஷனில் தோழர்கள் பார்த்திருக்கலாம். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு உறைந்த பனித்தரை. பூட்ஸின் அடியில் கத்தி போன்ற எஃகுத் தகடு. சங்கீதத்துக்கு ஏற்ப வழுக்கி ஓடுகிறாள் ஒரு பெண். திடீரென எகிறுகிறாள். ஒரு விநாடிக்குள் அந்தரத்தில் மூன்று சுற்று சுற்றி, ஒற்றைக் காலில், பின்பக்கமாக வந்து இறங்குகிறாள். நாட்டியக்காரியின் தாளமும் கழைக்கூத்தாடியின் துணிச்சலும் ஒரே உடம்பில் சேரவேண்டும். அதற்குச் சின்னஞ்சிறு வயதிலேயே துவங்கிப் பல வருஷம் விழுந்து விழுந்து எழவேண்டும்.

இது உழைப்புதான். அந்த உழைப்புக்கு நம் வணக்கம். ஆனால் அப்படி உழைப்பதற்கு இடம் யாருக்குக் கிடைக்கிறது? கேள்வி அதுதான்.

இந்த ஆட்டத்தில் 2022, 2023, 2025 ஆகிய வருஷங்களில் இந்தியாவின் தேசிய சாம்பியன் தாரா பிரசாத். 2000-ல் பிறந்தவர். 2019-ல் இந்தியப் பிரஜை ஆனார். 2025 பிப்ரவரியில் சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் எட்டாம் இடம் பெற்றார். கெட்டிக்காரப் பெண், பாராட்டுவோம். ஆனால் அவர் பிறந்ததும் பழகியதும் எங்கே? அமெரிக்காவில்! 140 கோடி ஜனங்கள் வாழும் தேசம் தன் சாம்பியனை அயல்நாட்டுப் பனித்தரையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. இங்கே திறமைக்கா பஞ்சம்? தரைக்குத்தான் பஞ்சம்.

இருந்த தரையை நம் சர்க்கார்கள் என்ன செய்தன? 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் பெரிய பனி அரங்கம் கட்டினார்கள். விழா முடிந்தது, மந்திரிகள் போனார்கள், அரங்கத்துக்குப் பூட்டு விழுந்தது. பராமரிக்க ஆளில்லை, குளிரூட்டும் மின்சாரத்துக்குப் பணமில்லை. மறுபடி உயிர் வந்தது 2025-ல். கணக்குப் பாருங்கள்: 2011-ல் ஆறு வயதில் அங்கே கால் வைத்த சிறுமிக்கு, பூட்டுத் திறந்தபோது இருபது வயது. இந்த ஆட்டத்தில் ஒருத்தி உருவாகும் காலம் முழுவதும் அந்தப் பூட்டுக்குள் போய்விட்டது! இதற்கு எந்த விடாமுயற்சி மருந்து?

“வெயில் கொளுத்தும் சென்னையில் பனிக்கட்டிப் பேச்சு எதற்கு?” என்று சிலர் சிரிப்பார்கள். அவர்கள் மயிலாப்பூரிலிருந்து கடற்கரையோரமாகத் திருவல்லிக்கேணிப் பக்கம் நடந்து பார்க்கட்டும். வட்ட முகப்போடு நிற்கும் ஐஸ் ஹவுஸ் தெரியும். 1842-ல் கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் கொண்டுவந்து இங்கே சேமித்தார்கள். யாருக்காக? வெள்ளைத் துரைமாரின் கிளாஸுக்காக! பணக்காரனுக்குத் தாகம் எடுத்தால் பனிக்கட்டி ஏழு கடல் தாண்டி வரும். ஏழையின் பிள்ளை கேட்டால்தான் வெயிலைக் காட்டுவார்கள்.

தாரா பிரசாத் ஆடிய ஹார்பின் நகரம் இன்னொரு பாடம் சொல்கிறது. 1980-ல் யாவ் பின் என்ற சீன இளைஞர் தன் ஜோடியுடன் உலகப் போட்டிக்குப் போனார். போட்டோக்களைப் பார்த்து ஆட்டம் கற்றவர். கடைசி இடம் கிடைத்தது, சபையே சிரித்தது. ஊர் திரும்பியவர் பிறகு பயிற்சியாளர் ஆனார். அவருக்குத் தரை இருந்தது; பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் அரசாங்க விளையாட்டுப் பள்ளி இருந்தது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஜோடி ஆட்டத்தின் தங்கமும் வெள்ளியும் அவருடைய மாணவர்களுக்கே! தங்கம் வென்ற ஷென் ஷுவே, ஜாவ் ஹோங்போ இருவரும் ஹார்பின் பிள்ளைகள். 1964 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் சோவியத், பிறகு ரஷ்ய ஜோடிகள் வென்றுவந்த தங்கம் அது. கடைசியிலிருந்து முதலுக்கு முப்பது வருஷம். ஒருவரின் திறமைக்குப் பின்னால் ஓர் அரசு நின்றால் நடப்பது இது.

ஹார்பினில் குளிர் இருக்கிறது, நமக்கு இல்லை, சரி. நமக்குச் சக்கரம் இருக்கிறது! இதே எகிறலையும் சுழலையும் நாலு சக்கர பூட்ஸில் ஆடும் போட்டி உலகமெங்கும் உண்டு. அதற்கு வேண்டியது வழவழப்பான சமதரை. 2010 குவாங்சூ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா இந்த ஆட்டத்தில் இரண்டு வெண்கலம் வென்றார். சக்கரத்தில் வேகமாக ஓடும் பந்தயத்தில் நம் சென்னைப் பிள்ளை ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் உலக சாம்பியனே ஆகிவிட்டார். 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம்! நம் மண்ணில் கால்கள் இருக்கின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் தி. நகரிலும் அடையாறிலும் இன்று சக்கர பூட்ஸ் மாட்டிப் பழகுவது யார் பிள்ளை? பூட்ஸுக்கும் கோச்சுக்கும் பெற்றோர் பணம் கட்டமுடிந்த பிள்ளை. அந்த வீட்டில் பாத்திரம் துலக்கும் தாயின் பிள்ளை கம்பிவேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறது. அடையாற்றங்கரைக் குடிசையைப் பிரித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அந்த வேடிக்கையும் இல்லை.

“நகரத்தில் இடமில்லை” என்பார்கள் அதிகாரிகள். இடமா இல்லை? கிண்டியில் 160 ஏக்கர் அரசு நிலத்தை 1945-ல் குதிரைப் பந்தயக் கிளப்புக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய்ச் சொச்சம்! ஒரு குடும்பம் ஒண்டுக்குடித்தன அறைக்கு ஒரு மாதத்துக்குக் கொடுப்பதை விடக் குறைவு. 730 கோடி ரூபாய் பாக்கி என்று சர்க்கார் கணக்குச் சொல்லி, குத்தகையை ரத்து செய்தது 2024 செப்டம்பரில். குதிரை ஓட 160 ஏக்கர் கிடைத்த ஊரில், குழந்தை ஓட நாலு கிரவுண்டு கிடைக்காதா?

“கூலி உயர்வுக்கே போராட்டம், இதில் சறுக்கு விளையாட்டா?” என்று தோழர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நமக்காக என்றுதானே மே தினத் தியாகிகள் கேட்டார்கள்? அந்த மூன்றாவது எட்டில் ஆட்டமும் பாட்டும் அடக்கம். கூலியைப் போலவே அதையும் கேட்டு வாங்கவேண்டும். அழகாக அசைவது பணக்கார உடம்புக்கு மட்டும் எழுதிவைத்த பட்டா அல்ல.

நாம் கேட்பது பெரிதல்ல. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வட்டாரங்களில் தலைக்கு ஒரு மாநகராட்சி மைதானத்திலாவது கூரை போட்ட சமதரை; வாசிகசாலைப் புத்தகம் போல இரவல் தரும் பூட்ஸ்; மாநகராட்சி சம்பளம் தரும் பயிற்சியாளர்; பெரும்பாக்கத்திலும் அதே ஏற்பாடு. இவற்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு திறமையைப் பற்றிப் பேசுங்கள். அதுவரை “முயன்றால் முடியும்” என்ற உபதேசத்தை எங்கள் பிள்ளைகளிடம் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை!