கடல் எங்கே, நாம் எங்கே?

சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு சுனாமியைப் பற்றிக் கவலைப்படுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று ஒரு கட்சி இருக்கிறது. கடல் எங்கே, நாம் எங்கே; பல தேசங்கள் கூடிக்கொண்டு மிதவையும் கருவியும் வாங்கிப் பணத்தைக் கடலிலே கொட்டுவானேன் என்பது அவர்கள் கேள்வி. தூத்துக்குடி உப்பையும் மீனையும் வாங்கும்போது பக்கத்தில் இருக்கும் கடல், அங்கே மனிதன் செத்தால் மட்டும் வெகுதூரம் போய்விடுகிறது! அரியையும் அரனையும் ஒரே உருவில் காட்டும் கோவிலைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இந்தப் பேதம் அழகல்ல.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை ஆறரை மணி சுமாருக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. அலை நாகப்பட்டினத்துக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு கிழவி பேரனைக் கைப்பிடித்து மெதுவாக நடந்தே தப்பியிருக்கக்கூடிய அவகாசம் அது. விஞ்ஞானம் ஒன்றும் தூங்கிவிடவில்லை. ஹவாயில் 1949 முதல் இயங்கிவரும் பசிபிக் எச்சரிக்கை நிலையம் பதினைந்தே நிமிஷத்தில் அறிக்கை அனுப்பிற்று. யாருக்கு? பசிபிக் நாடுகளுக்கு, உங்களுக்கு அபாயமில்லை என்று! இந்து மகாசமுத்திரத்தில் அப்படிப்பட்ட செய்தியை வாங்கிக் கரைக்குச் சேர்க்க ஏற்பாடே இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது அலை மட்டும்தானா?

அதே காலையில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அவ்வூர் வாலிபர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு அபாயத்தைச் சொன்னார். கிராமத்து அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அலறிற்று. ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள். சர்க்கார்களுக்குள் இல்லாத சர்வதேச ஒத்துழைப்பு ஒரு தொலைபேசி அழைப்பில் இருந்தது.

பிறகுதான் புத்தி வந்தது. 2007-இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் ஏற்பட்டது. யுனெஸ்கோவின் ஏற்பாட்டில் 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கெல்லாம் தகவல் தருகின்றன. 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, பெரிய அலை வரவில்லை. வீண் பீதி என்று நம்மவர் சிரித்தார்கள். கடலடி நிலம் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் அன்று பிழைத்தோம். திருடன் வராத இரவுக்குக் காவல்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்ளும் எஜமானனை என்னவென்று சொல்வது?

குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் சொல்ல வேண்டிய இடம் வேறே இருக்கிறது. ஹைதராபாத்துக்குச் சில நிமிஷங்களில் தெரிகிற சேதி, கரையோரக் குப்பத்துக் குடிசைக்கு எத்தனை நிமிஷத்தில் தெரியும்? ஒலிபெருக்கி பேசுமா? ஓடும் வழி எது என்று குழந்தைகளுக்குத் தெரியுமா? கடைசி ஒத்திகை எப்போது நடந்தது? ஒடிசாவில் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி என்ற இரண்டு சின்னக் கிராமங்கள் இவற்றுக்கெல்லாம் விடை தேடிவைத்து, சுனாமிக்குத் தயாரான ஊர்கள் என்று 2020-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன. நம் கரையில் ஒரு குப்பம் பாக்கியில்லாமல் இது நடந்தாக வேண்டும். தேசங்கள் தமக்குள் பேசிக்கொள்வது பாதி வேலை. தாலுகா ஆபீஸ் குப்பத்தோடு பேசுவது மறுபாதி. முதல் பாதியை வீண் செலவு என்று எள்ளுகிறவர்கள் மறுபாதியைக் கேட்கும் யோக்கியதையையும் இழந்துவிடுகிறார்கள்.

இதைக் கேட்கச் சங்கரன்கோவில்காரனுக்கும் உரிமை உண்டு. கேட்காமலிருக்கத்தான் அவனுக்கு உரிமை இல்லை.