கள்ளுக்கு ஒரு சாதி, பியருக்கு ஒரு மரியாதை

எனக்கு வேலையில்லாத ஓர் இரவு, நண்பர்கள் நால்வரோடு சிட்னி மரிக்வில்லில் உள்ள ஒரு சிறு பியர் ஆலைக்குப் போனேன். சின்னக் கிளாசுகளில் நாலு வகைப் பியரைப் பலகையில் அடுக்கித் தந்தார்கள். அதில் ஒன்று காட்டு யீஸ்ற்றால் புளித்தது. நண்பர்கள் அதை மூக்கருகே பிடித்து மணந்தார்கள். அதைத் தயாரித்தவரே வந்து, எந்தப் பீப்பாவில் எத்தனை மாதம் கிடந்தது என்று விளக்கியபோது, பிரசங்கம் கேட்பதுபோல் கேட்டார்கள்.

பிறகு ஒருவர் சொன்னார்: "மச்சான், இது எங்கட கள்ளு மாதிரியெல்லே கிடக்கு." மற்றவர் மரமேறும் சாதியின் பெயரைச் சொல்லி, "அவங்கள் இஞ்சையும் வந்து சீவத் துவங்கிட்டாங்கள் போல" என்றார். மேசை சிரித்தது. நானும் பாதிச் சிரிப்புச் சிரித்தேன். அந்தப் பாதிச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நண்பர் சொன்னது சரி. சுண்ணாம்பு பூசிய முட்டியைப் பாளையில் கட்டினால் கருப்பநீர். பூசாமல் கட்டினால், காற்றிலும் முட்டியிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் சில மணித்தியாலங்களில் அதைக் கள்ளாக்கிவிடும். யாரும் யீஸ்ற் போடுவதில்லை. பெல்ஜியத்தின் லாம்பிக் பியரும் இப்படித்தான். கொதித்த தானியச் சாற்றை அகன்ற பாத்திரத்தில் இரவு முழுக்கத் திறந்து ஆறவிடுவார்கள். மிச்ச வேலையைக் காற்றும் மரப்பீப்பாவும் பார்க்கும். பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ 2016 இல் மனிதகுல மரபாகப் பட்டியலிட்டது. மரிக்வில்லில் 2017 இல் தொடங்கப்பட்ட வைல்ட்பிளவர் ஆலை, நியூ சவுத் வேல்ஸ் பூக்களிலிருந்து எடுத்த யீஸ்ற்றால் பெயரெடுத்தது.

எல்லாம் ஒரே புளிப்புத்தான். மரியாதை மட்டும் ஏன் வேறு?

சிட்னியில் பியர் செய்தவரின் கையை நாங்கள் வரிசையாகக் குலுக்கினோம். எங்கள் வளவுப் பனைகளில் காலையும் மாலையும் தளநார் போட்டு ஏறியவருக்கு, என் அம்மம்மா தண்ணீரை மேலே இருந்து கையில்தான் வார்த்தா. அவரது வயதில் கால்வாசிகூட இல்லாத நான் அவரை "நீ" என்றேன். வீட்டில் ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. அவர் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடிக்கலாம், அவர் கை எங்கள் செம்பில் படக்கூடாது! இதுதான் நாங்கள் பெருமையடிக்கும் யாழ்ப்பாணப் பண்பாடு.

படிப்பு இதை மாற்றியதா? சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் புறப்பட்டது. அதன் பிறகும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நின்று தாழ்த்தப்பட்ட மக்களைத் தடுத்தவர், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம்.

"அதெல்லாம் பழங்கதை, யுத்தம் சாதியை அழிச்சுப் போட்டுது" என்பார்கள். அழித்திருந்தால், இங்கே புதிதாகச் சந்திக்கும் தமிழரிடம் "ஊரிலை எவடம்?" என்று கேட்டு, பதில் வந்ததும் "கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்று ஏன் துருவ வேண்டும்? என் அகதி விண்ணப்பத்தில்கூட இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கவில்லை.

கள்ளைப் புகழச் சொல்லி நான் கேட்கவில்லை. மரத்தால் விழுந்து முறிந்த முதுகுகளையும், குடியால் அழிந்த வீடுகளையும் கண்டவன் நான். சீவல் தொழிலாளியின் பிள்ளை மரம் ஏறாமல் படிக்கப் போனது நல்லது. அந்தப் பிள்ளை இன்று எங்களோடு ஒரே மேசையில் இருக்கலாம். ஊர்ப் பெயரை அரைகுறையாகச் சொல்லிப் பேச்சை மாற்றும் நண்பர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று அந்தப் பகிடிக்கு அவரும் சிரித்திருக்கலாம். சிரிக்காவிட்டால் தன்னை இனங்கண்டு விடுவார்கள் என்ற பயத்தில்.

அடுத்த முறை அந்தப் பகிடி வந்தால் நான் சிரிக்க மாட்டேன். எழும்பிப் போகவும் மாட்டேன். சொன்னவரிடமே கேட்பேன்: "உங்கட வீட்டுக்குக் கள்ளுக் கொண்டுவந்தவற்ரை பேர் என்ன?"

எங்கள் வளவுக்கு வந்தவரைக் கூப்பிட்ட சின்னப் பெயர்தான் எனக்குத் தெரியும். முழுப்பெயரை ஊருக்கு ரெலிபோன் எடுத்து முதலில் நான் கேட்டு அறிய வேண்டும்.