முதல் ஆள் யாருங்க?

அமெரிக்கத் தேர்தல் வந்தால் துணை அதிபர் வேட்பாளர் யாருன்னு நம்ம டீக்கடை வரைக்கும் அலசுவாங்க. 2020ல் கமலா ஹாரிஸுக்காகத் துளசேந்திரபுரத்தில் பேனரே கட்டினார்கள். இரண்டாம் ஆளால் ஓட்டு விழுமா என்பது வேறு விஷயம். 1988ல் டுகாகிஸ், டெக்சாஸ் செனட்டர் பென்ட்சனைத் துணைக்குச் சேர்த்தார். டெக்சாஸ் பென்ட்சனை மறுபடி செனட்டுக்கு அனுப்பிவிட்டு, டுகாகிஸைக் கைவிட்டது :-)

ஆனாலும் அங்கே இரண்டாம் ஆள்கூட ஓட்டுக்கு முன்பே தெரியும். புதுச்சேரியில்? 2016ல் காங்கிரஸ் முதல் ஆளையே சொல்லவில்லை. மாநிலத் தலைவர் நமச்சிவாயம்தான் முதல்வர் என்று நம்பியவர்கள் ஏராளம். கட்சிக்கு 15 இடம் கிடைத்தது. நாற்காலியோ தேர்தலில் நிற்கவே நிற்காத நாராயணசாமிக்கு! ஜான்குமார் ராஜினாமா செய்து நெல்லித்தோப்பைக் காலி செய்துகொடுக்க, நவம்பரில் இடைத்தேர்தல். லாஸ்பேட்டையில் சிவக்கொழுந்துக்குப் பட்டனை அழுத்தியவர் யாரை முதல்வராக நினைத்து அழுத்தினார்? கட்சி கேட்டதா?

இரண்டாம் இடத்தில் உட்கார வைக்கப்பட்ட நமச்சிவாயம் 2021 ஜனவரியில் பாஜகவுக்குப் போனார். பிப்ரவரியில் ஆட்சியும் போனது. கட்சி தாவினார்னு அவரைத் திட்டட்டும், தப்பில்லை. ஐந்து வருஷம் முன்னால் முதல்வர் பேரை மறைத்து ஓட்டு வாங்கியவர்களை யார் திட்டுவது?