நம் இல்லம்: ஆறு ஸ்பீக்கரும் மாமனார் காதும்



மிக்ஸி, ஃப்ரிட்ஜ், தண்ணீர் ஃபில்டர் என்று எழுதிக்கொண்டிருந்தவள் இந்த முறை ஹோம் தியேட்டரைப் பற்றி எழுதப் போகிறேன். “அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம், நமக்கெதுக்கு?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு ஒயர் கோப்பது பெரிய வித்தையல்ல. அதோடு, இது வீட்டுப் பெரியவர்களின் காது சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பலர் வீட்டில் ஏதாவது ஒரு மின்சாமான் வந்து இறங்கும். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் என் மூத்த பிள்ளை ஹோம் தியேட்டர் வாங்கி வந்தான். கடைப் பையன் வந்தான், பத்து நிமிஷத்தில் ஒயரெல்லாம் மாட்டினான், காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டான். சண்டைக் காட்சி வந்தால் பரணில் இருக்கும் பாத்திரம் அதிர்ந்தது. ஆனால் பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

என் மாமனாருக்கு 74 வயது. ஐம்பது வருஷத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்து கோர்வைப் புடவை நெய்தவர். நாலு வசனத்துக்கு ஒரு தரம், “ஏம்மா, என்ன சொல்றான் அவன்?” என்பார். பேரப் பிள்ளைகள் முதலில் சொன்னார்கள். அப்புறம், “தாத்தா, சும்மா இருங்க” என்றார்கள். அதோடு அவர் கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் டிவி முன்னால் இருக்க, அவர் மட்டும் திண்ணையில். “காது போச்சு, அவ்வளவுதான்” என்று வீட்டில் தீர்ப்பும் ஆகிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

எதற்கு ஆறு ஸ்பீக்கர்?

5.1 என்று போட்டிருப்பார்கள். முன்னால் இடது, வலது, நடு என்று மூன்று; பக்கவாட்டில் இரண்டு; ஆக ஐந்து. மிச்சமுள்ள அந்த ‘.1’ என்பது கனத்த ஓசைக்கு மட்டுமான சப்வூஃபர். ரிசீவர் (நம் பக்கம் ஆம்ப் என்போம்) ஒவ்வொன்றுக்கும் உரியதைப் பிரித்து அனுப்பும். நம் தமிழ்ப் படங்களில் 1995-ல் வந்த ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடும், 1996-ல் வந்த ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியோடும் வந்தன. அந்த டால்பி என்பது ஒரு மனிதரின் பெயர். ரே டால்பி என்பவர் 1965-ல் லண்டனில் தம் கம்பெனியைத் தொடங்குவதற்கு முன், ஐ.நா. ஆலோசகராக நம் இந்தியாவில் வேலை பார்த்தவராம்!

நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். படத்தில் பேசுகிற பேச்சில் பெரும்பங்கு அந்த நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. அது தப்பான இடத்தில் மாட்டியிருந்தால் இடியும் மின்னலும் கேட்கும், வசனம் கேட்காது.

எங்கள் வீட்டில் அதேதான் நடந்திருந்தது. நடு ஸ்பீக்கர் ஒயர் பக்கவாட்டு ஸ்பீக்கருக்கான இடத்தில் செருகியிருந்தது. முன் வலது ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தன.

இணைக்கும் முறை

முதலில் ஆம்ப், சப்வூஃபர் இரண்டின் ப்ளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஸ்பீக்கரின் பின்னால் 4, 6, 8 என்று ஏதாவது ஒரு எண் போட்டு ஓம் குறி இருக்கும். ஆம்ப்பின் பின்னாலும் இத்தனை ஓமுக்குக் குறையக்கூடாது என்று எழுதியிருக்கும். அதற்குக் குறைந்த ஸ்பீக்கரை மாட்டினால் ஆம்ப் சூடேறும்.

ஒயர் முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேல்தோலை உரித்து, உள்ளே இருக்கும் செம்பு இழைகளைப் புரியாக முறுக்குங்கள். பாவு பிணைக்கிற வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை! ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்துத் துளையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி, ஆம்ப் கெட்டுப்போகலாம்.

சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒயரில் நிறம் இல்லாவிட்டால் ஒரு பக்கம் கோடோ எழுத்தோ இருக்கும். அதைச் சிவப்பென்று வைத்துக்கொண்டு இரு முனையிலும் ஒரே மாதிரி மாட்டுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். கனத்த ஓசை செத்துப்போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து நெய்கிற தறியில் ஒருவர் கை முந்தினால் என்ன ஆகும்? அந்தக் கதைதான்.

சப்வூஃபருக்கு ஒற்றை முள் வைத்த தனி ஒயர். டிவியிலிருந்து ஆம்ப்புக்கு எச்.டி.எம்.ஐ. ஒயர்; இரண்டிலும் ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதிய துளையில் செருக வேண்டும். பழைய சிவப்பு, வெள்ளை ஒயரில் இரண்டு தடம்தான் போகும். ஆறும் தனித்தனியே போகாது.

எல்லாம் முடிந்த பிறகு ப்ளக்கைச் செருகி, ரிமோட்டில் ‘டெஸ்ட் டோன்’ போடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராக ‘உஸ்’ஸென்று சத்தம் வரும். திரையில் நடு என்று காட்டும்போது நடுவிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். இதைச் செய்துகாட்டாத கடைக்காரரை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள்.

எங்கே வைப்பது?

நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே, முகம் நம்மைப் பார்த்தபடி. அலமாரிக்குள் தள்ளி, முன்னால் பொம்மைகளை அடுக்காதீர்கள். பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் நாம் உட்காரும் இடத்துக்கு இரு பக்கமும், சற்றே பின்தள்ளி, காதுக்குக் கொஞ்சம் மேலே.

எங்கள் பக்கம் வீடுகள் நீளமாக, ஒல்லியாக இருக்கும். கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொள்ளும். அதனால் ஒயரைத் தரையில் குறுக்கே விடாமல், சுவரோரமாக ப்ளாஸ்டிக் பட்டைக்குள் கொண்டுபோனேன். பாய்க்கு அடியில் ஓடும் ஒயர் மிதிபட்டு நைந்துபோகும், பெரியவர்கள் கால் தடுக்கும். தறிக்குழியில் ஈரம் இருக்கும். அந்தப் பக்கமே வேண்டாம். எலிக்கும் ஒயர் என்றால் தனிப் பிரியம்.

காதுக்கு என்ன செய்வது?

ஒயரைச் சரிசெய்ததும் ஆம்ப் மெனுவில் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன். ‘நைட் மோட்’ என்று ஒன்று இருக்கிறது. அது பெரிய சத்தத்தைக் குறைத்து, சின்னப் பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். மொத்தச் சத்தத்தைக் கூட்டாமலே மாமாவுக்கு முக்கால்வாசி புரிந்தது.

மிச்சம் கால்வாசிக்கு அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். வயசானால் முதலில் போவது ‘ஸ’, ‘ஷ’, ‘ப’, ‘த’ மாதிரி சன்னமான ஒலிகளாம். அதனால்தான், “கேட்குது, ஆனா புரியல” என்கிறார்கள். மாமாவுக்குக் காது மெஷின் எழுதிக் கொடுத்தார். முதலில் முரண்டு பிடித்தார். இப்போது காலையில் கண்ணாடியோடு அதையும் தேடுகிறார். காது கேளாமையைக் கவனிக்காமல் விட்டால் முதுமையில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பேச்சில் சேராமல் பெரியவர்கள் ஒதுங்கினால், “வயசாச்சு” என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே.

காது நன்றாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரே சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலும்தான் எல்லை. சப்வூஃபரைப் பொதுச் சுவரை ஒட்டி வைக்காமல் தள்ளி வைத்து, அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் அதிர்வு குறையும்.

இந்த வாரம் ஒரு மத்தியானம், வேலையெல்லாம் ஆன பிறகு, உங்கள் வீட்டுப் பெட்டியின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு சிவப்பில் இருக்கிறதா, நடு நடுவில் இருக்கிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.